ஹூஸ்டன் பக்கம் நாய் வளர்க்கிற நம்ம ஆளுங்களுக்கு: ஹார்ட்வார்ம் பத்தி அடிக்கடி கேக்கிற கேள்விகள்

டெக்சாஸ், லூசியானா, ஜார்ஜியா, ஃப்ளோரிடான்னு கொசு ஜாஸ்தியா இருக்கிற ஊர்கள்ல நம்ம தமிழ்க் குடும்பங்க நிறைய பேர் இப்ப நாய் வளர்க்கிறாங்க. பொங்கல் விழா, பாட்லக், பார்க்னு எங்க பாத்தாலும் யாராவது ஒருத்தர் ஹார்ட்வார்ம், அதாவது இதயப்புழு பத்தி கேப்பாங்க. நான் ஷெல்டர் நாய்ங்கள வீட்ல வெச்சு பாத்துக்கிற ஃபாஸ்டர், வெட் (கால்நடை டாக்டர்) கிடையாது. இங்க எழுதியிருக்கிறது வெட்டுங்க எங்களுக்குத் திரும்பத் திரும்ப சொல்லிக் குடுத்தது, அப்புறம் 1974-லேர்ந்து இதுக்குன்னே இருக்கிற அமெரிக்கன் ஹார்ட்வார்ம் சொசைட்டி சொல்ற வழிமுறை. உங்க நாய்க்கு எந்த மருந்து, எவ்ளோ அளவுங்கிறத உங்க வெட்தான் சொல்லணும்.

ஹார்ட்வார்ம்னா வயித்துப் புழுதானே? போன மாசம்தான் டீவார்மிங் பண்ணோம்.

இல்ல, ரெண்டும் வேற வேற. வயித்துப் புழு குடல்ல இருக்கும், மலம் டெஸ்ட் பண்ணா தெரியும், சாதாரண டீவார்மிங் மருந்துல போயிடும். இது ரத்தக் குழாய்க்குள்ள வாழற புழு, டைரோஃபைலேரியா இமிட்டிஸ்னு பேரு. இதயத்தோட வலது பக்கத்துலேர்ந்து நுரையீரலுக்கு ரத்தம் போற குழாய்லதான் குடியிருக்கும், ஜாஸ்தியாயிடுச்சுன்னா இதயத்துக்குள்ளயே வந்துடும். பெண் புழு 25-லேர்ந்து 30 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், வேக வெச்ச சேமியா மாதிரி வெள்ளையா மெல்லிசா இருக்கும். ஒவ்வொரு புழுவும் நாய்க்குள்ள 5-லேர்ந்து 7 வருஷம் உயிரோட இருக்கும். மலம் டெஸ்ட்ல இது தெரியவே தெரியாது, அதனால "மலம் டெஸ்ட் க்ளியர்"னு சொல்லிட்டாங்கன்னா அத வெச்சு ஹார்ட்வார்ம் இல்லன்னு நினைச்சுக்காதீங்க.

எப்படி வருது? பக்கத்து வீட்டு நாய்க்கு இருக்காம், ஒண்ணா விளையாட விடலாமா?

தாராளமா விடலாம். நக்கினாலோ ஒரே தண்ணி கிண்ணத்துல குடிச்சாலோ வராது. கொசு மூலமா மட்டும்தான் வரும்.

புழு இருக்கிற நாயோட ரத்தத்துல அதோட குட்டிங்க, மைக்ரோஃபைலேரியான்னு சொல்வாங்க, கண்ணுக்குத் தெரியாத சைஸ்ல சுத்திக்கிட்டு இருக்கும். கொசு கடிக்கிறப்ப அது ரத்தத்தோட சேந்து கொசு வயித்துக்குப் போகும். ஆனா அங்கேர்ந்து உடனே இன்னொரு நாய்க்குப் போக முடியாது, கொசு உடம்புக்குள்ள வளர்ந்து அடுத்த கட்டத்துக்கு வரணும், நல்ல வெயில் காலத்துல அதுக்கு 10-லேர்ந்து 14 நாள் ஆகும். அதுக்கப்புறம் அந்தக் கொசு உங்க நாய கடிக்கிறப்ப அப்படி வளர்ந்த லார்வா, அதாவது இளம் பருவப் புழு, கொசுவோட வாய்லேர்ந்து தோல் மேல விழுந்து, கொசு குத்தின ஓட்டை வழியா தானே ஊர்ந்து உள்ள போயிடும். தோலுக்கு அடியில, தசைக்குள்ளன்னு ரெண்டு மூணு மாசம் பயணம் பண்ணி நுரையீரல் ரத்தக் குழாய்க்கு வந்து சேரும், முழுசா வளர்ந்து குட்டி போட மொத்தம் ஆறு ஏழு மாசம் ஆயிடும். இந்த ஆறு ஏழு மாசங்கிற கணக்க மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, கீழ வர பாதி பதிலுக்கு இதுதான் காரணம்.

பக்கத்து வீட்டு நாய்க்கு இருந்தா உங்க பேக்யார்ட் கொசுவுக்கு அதிலேர்ந்து கிடைக்க வாய்ப்பு இருக்கு, அது வாஸ்தவம். ஆனா அந்த நாய் இல்லன்னாலும் இந்தப் பக்கம் காயோட்டின்னு ஓநாய் மாதிரி காட்டு மிருகம் நிறைய திரியுது, அதுங்களுக்கும் இந்தப் புழு உண்டு. அதனால அவங்கள ஒதுக்கி ஒண்ணும் ஆகப்போறதில்ல, உங்க நாய்க்கு மருந்து குடுங்க.

எங்க நாய் முழுக்க வீட்டுக்குள்ளதான், ஏசி ரூம்லதான் தூங்கும். அதுக்குமா?

அதுக்கும்தான். உங்க வீட்டுக்குள்ள நீங்க ஒரு கொசுவக் கூட பாத்ததில்லன்னா யோசிக்கலாம்.

மாசம் ஒரு மாத்திரை குடுத்தா அடுத்த ஒரு மாசத்துக்கு பாதுகாப்புதானே?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க, இங்கதான் குழப்பமே ஆரம்பிக்குது. மாசா மாசம் குடுக்கிற மாத்திரை முன்னாடி பாத்து வேலை செய்யல, பின்னாடி பாத்து வேலை செய்யுது. ஜூன் 1-ம் தேதி குடுக்கிற மாத்திரை மே மாசம் பூரா கொசு கடிச்சு உள்ள போன லார்வாவக் கொல்லும். மருந்து கொஞ்ச நாள்ல உடம்ப விட்டுப் போயிடும். ஜூன் 20-ம் தேதி ஒரு கொசு கடிச்சா அந்த லார்வாவ கொல்லப்போறது ஜூலை 1-ம் தேதி மாத்திரை.

உள்ள போன லார்வா முதல் ஒண்ணு ஒண்ணரை மாசம் வரைக்கும்தான் இந்த மருந்துக்கு சுலபமா சாகும், ரெண்டு மாசத்தத் தொடறப்ப அடுத்த கட்டத்துக்கு மாறிடும், அதுக்கப்புறம் அதே மருந்து சரியா எடுபடாது. அதனாலதான் மாசம் ஒரு தடவைன்னு வெச்சிருக்காங்க. சில பேர் "இந்த மாசம் கொசுவே இல்ல, விட்டுடலாம்"னு விடறாங்க. அப்படி விடறப்ப போன மாசம் கடிச்ச கொசுவுக்கான மருந்தத்தான் விடறீங்க.

இன்னொண்ணு, அக்டோபர்லயோ நவம்பர்லயோ கொசு சீசன் முடிஞ்சுதுன்னு நினைச்சு கடைசி மாத்திரைய தள்ளிப் போடறவங்களும் இதே கணக்குலதான் மாட்டிக்கிறாங்க.

அப்ப குளிர்காலத்துல நிறுத்தலாமா கூடாதா?

கூடாது. வருஷம் பூரா, 12 மாசமும். தெர்மாமீட்டர் 57 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழயே இருந்தா கொசுவுக்குள்ள லார்வா வளராது, அது உண்மை. ஹூஸ்டன்ல டிசம்பர்ல எத்தன நாள் அரைக்கை சட்டையோட வாக்கிங் போறீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. வடக்க மினசோட்டா, மிச்சிகன்ல இருக்கிறவங்களுக்கும் வெட்டுங்க இப்ப வருஷம் பூராதான் குடுக்க சொல்றாங்க, ஏன்னா ஐம்பது ஸ்டேட்லயும் ஹார்ட்வார்ம் பதிவாகியிருக்கு, சீசன் எப்ப ஆரம்பிக்குது எப்ப முடியுதுன்னு தேதி குறிக்க முடியாது, அப்புறம் நிறுத்தினா திரும்ப ஆரம்பிக்க மறந்துடறோம்.

நாங்க ஊருக்குப் போயிருந்தோம், அம்மா அப்பாதான் நாய பாத்துக்கிட்டாங்க. ரெண்டு மாசமா மாத்திரை குடுக்கல போல. இப்ப என்ன பண்றது?

அவங்க மேல கோவப்படாதீங்க, மாசம் ஒரு தடவைங்கிறது யாருக்கும் மறக்கும். ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப் போயிருந்தா உடனே குடுத்துட்டு வெட்டுக்கு ஒரு ஃபோன் போடுங்க. ரெண்டு மாசம்னா வெட்கிட்ட கூட்டிட்டுப் போங்க, மருந்த திரும்ப ஆரம்பிச்சு அப்பவே ஒரு டெஸ்ட்டும் எடுப்பாங்க, அப்புறம் ஆறு மாசம் கழிச்சு இன்னொரு டெஸ்ட். நிறைய பேர் முதல் டெஸ்ட் நெகட்டிவ்னதும் ரெண்டாவத விட்டுடறாங்க. முதல் டெஸ்ட் சொல்றது மருந்து விட்டுப் போறதுக்கு முன்னாடி ஏதாவது இருந்துச்சாங்கிறது மட்டும்தான். அந்த ரெண்டு மாசத்துல என்ன ஆச்சுன்னு ரெண்டாவது டெஸ்ட்தான் சொல்லும்.

இனிமே பெரியவங்க பாத்துக்கிற மாசத்துக்கு மாத்திரைய காலண்டர் பக்கத்துல அந்தத் தேதியோடவே ஒட்டி வெச்சுட்டுப் போங்க. இல்லன்னா வெட்கிட்ட கேட்டு ஊசிக்கு மாறிடுங்க, கீழ சொல்றேன்.

மாசா மாசம் தவறாம குடுக்கிறோம், அப்புறமும் வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்கணும்னு சொல்றாங்க. காசு பிடுங்கறதுக்கா?

இல்லங்க. நீங்க குடுத்தது உண்மை, நாய் முழுங்குச்சாங்கிறதுதான் தெரியாது. மாத்திரைய வாய்ல வெச்சுக்கிட்டு சோபா பின்னாடி போய் துப்பற நாய் இருக்கு, அரை மணி நேரத்துல வாந்தி எடுத்து அதையும் நாமளே பாக்காம போறது உண்டு. நாய்க்கு எடை கூடி பழைய அளவு பத்தாம போறதும் நடக்கும், குட்டியா இருந்தப்ப வாங்கின பாக்ஸையே தொடர்ந்து குடுத்துக்கிட்டு இருப்பாங்க. இதெல்லாம் போக, மிசிசிப்பி ஆத்தோட கீழ்ப்பகுதில, லூசியானா, ஆர்கன்சா பக்கம், இந்த மருந்துக்கு சரியா சாகாத புழு இருக்கிறது உறுதியாகியிருக்கு. நம்ம ஹூஸ்டன் அங்கேர்ந்து ரொம்ப தூரம் கிடையாது.

வருஷத்துக்கு ஒரு டெஸ்ட் எடுத்தா புழு வந்திருந்தாலும் ஆரம்பத்துலயே தெரிஞ்சுடும், நுரையீரல் கெட்டுப் போறதுக்கு முன்னாடி வைத்தியம் பண்ணிடலாம். இன்னொரு விஷயம், சில மருந்து கம்பெனிங்க ஒழுங்கா மருந்து வாங்கி, வருஷா வருஷம் டெஸ்ட் எடுத்தும் ஹார்ட்வார்ம் வந்தா வைத்தியச் செலவ ஏத்துக்கிறாங்க, அதுக்கு பில்லும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் கேப்பாங்க. தூக்கிப் போடாதீங்க.

டெஸ்ட் எப்படி பண்ணுவாங்க? நாய்க்கு வலிக்குமா?

முன்னங்கால்லயோ கழுத்துலயோ கொஞ்சம் ரத்தம் எடுப்பாங்க, அவ்ளோதான். அதுல மூணு சொட்டு எடுத்து ஒரு திரவத்தோட கலக்கி, உள்ளங்கை அளவு ப்ளாஸ்டிக் கிட் ஒண்ணுல ஊத்துவாங்க. அது மெதுவா ஊறி நகர்றது கிட்ல இருக்கிற சின்ன ஜன்னல் வழியா தெரியும், அப்புறம் அந்த கிட்டையே ஒரு அமுக்கு அமுக்கி மூடி வெச்சுட்டு காத்திருப்பாங்க. பத்து நிமிஷத்துக்குள்ள புள்ளி தெரியும். எப்பவும் வர வேண்டிய ஒரு புள்ளி வரும், அது கிட் வேலை செய்யுதுங்கிறதுக்கு. ஹார்ட்வார்ம் இடத்துல நீலமா இன்னொண்ணு வந்தா பாசிட்டிவ். புள்ளி லேசா வந்தாலும் பாசிட்டிவ்தான், லேசா இருக்குன்னு விட்டுடக் கூடாது. பல கிளினிக்ல வெக்கிற கிட்ல உண்ணியால வர லைம், எர்லிக்கியா, அனப்ளாஸ்மா மூணும் சேந்தே தெரியும்.

இது ஆன்டிஜென் டெஸ்ட், அதாவது வளர்ந்த பெண் புழு வெளிவிடற ஒரு பொருள ரத்தத்துல தேடறது. இதோட சேத்து மைக்ரோஸ்கோப்ல மைக்ரோஃபைலேரியா இருக்கான்னும் பாக்க சொல்றாங்க. ஸ்லைட்ல ஒரு சொட்டு ரத்தத்த வெச்சுப் பாத்தா, ரத்த அணுக்களுக்கு நடுவுல நூல் துண்டு ஒண்ணு இருந்த இடத்துலயே துடிச்சுக்கிட்டு இருக்கும், அத சுத்தி அணுக்கள் தள்ளித் தள்ளிப் போகும். ஷெல்டர்ல டெக்னீஷியன் ஒருத்தர் எனக்குக் காட்டினாங்க, ஒரு தடவை பாத்தா மாத்திரை தேதி மறக்கவே மறக்காது. கொஞ்சமா இருந்தா இப்படிப் பாத்தா மாட்டாது, அப்ப 1 மில்லி ரத்தத்த 2 சதவீத ஃபார்மலின்ல கலந்து சுத்த விட்டு, அடியில தங்கறத சாயம் போட்டுப் பாப்பாங்க, நாட் டெஸ்ட்னு பேரு.

ஷெல்டர்ல நெகட்டிவ்னு எழுதிக் குடுத்தாங்க. ஏழு மாசம் கழிச்சு எங்க வெட் பாசிட்டிவ்னு சொல்றார். ஷெல்டர்ல பொய் சொன்னாங்களா?

பெரும்பாலும் இல்ல. மேல சொன்ன ஆறு ஏழு மாசக் கணக்க இங்க போட்டுப் பாருங்க. டெஸ்ட் தேடறது வளர்ந்த பெண் புழுவ, லார்வா உள்ள போய் அந்த அளவுக்கு வளர ஆறு மாசத்துக்கு மேல ஆகுது. அப்ப இன்னிக்கு எடுக்கிற டெஸ்ட் சொல்றது ஆறு மாசத்துக்கு முன்னாடி நடந்தத. தெருவுல திரிஞ்ச நாய், போன மாசம் வரைக்கும் கொசுக்கடி பட்டுக்கிட்டு இருந்திருக்கும், ஷெல்டருக்கு வந்த அன்னிக்கு உள்ள இருந்ததெல்லாம் சின்னதுங்களா இருந்திருக்கும், டெஸ்ட்ல வராது. மாத்திரை பாக்கிறது போன ஒண்ணு ஒண்ணரை மாசத்த, டெஸ்ட் பாக்கிறது ஆறு மாசத்துக்கு முன்னாடி இருந்தத, நடுவுல இருக்கிற நாலஞ்சு மாசத்துல உள்ள போனது ரெண்டு கண்ணுலயும் படாம வளரும். தத்தெடுத்த பெரிய நாய்க்கு முதல் நாள் ஒரு டெஸ்ட், ஆறாவது மாசம் ஒண்ணு, 12-வது மாசம் ஒண்ணு, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணுன்னு சொல்றது இதுக்காகத்தான்.

ஆண் புழு மட்டும் இருந்தாலும் ஆன்டிஜென் டெஸ்ட்ல வராது. ஒண்ணு ரெண்டு பெண் புழு மட்டும் இருந்தாலும் தப்பிச்சுடலாம். சில நாய்ல அந்த ஆன்டிஜென் உடம்போட எதிர்ப்புப் பொருளோட ஒட்டிக்கிட்டு மறைஞ்சுடும், வெட்டுக்கு சந்தேகம் இருந்தா ரத்தத்த சூடு பண்ணித் திரும்ப டெஸ்ட் பண்ண லேபுக்கு அனுப்புவார்.

குட்டி நாய்க்கு எப்பலேர்ந்து?

8 வாரத்துக்குள்ள ஆரம்பிச்சுடணும். 7 மாசத்துக்குக் கீழ இருந்தா டெஸ்ட் இல்லாமலே மருந்து ஆரம்பிக்கலாம், எடுத்தாலும் ஒண்ணும் காட்டாது. ஆறு மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட், அதுக்கு ஆறு மாசம் கழிச்சு இன்னொண்ணு. குட்டி வேகமா வளரும், ஒவ்வொரு தடவையும் எடை பாத்துட்டு மருந்து வாங்குங்க, ஆறு மாச பாக்ஸ் மொத்தமா வாங்காதீங்க.

பெரிய நாய்க்கு மட்டும் ஏன் டெஸ்ட் எடுத்துட்டுதான் மருந்து குடுப்பேன்னு சொல்றாங்க?

ரெண்டு காரணம். ரத்தத்துல மைக்ரோஃபைலேரியா ஏகப்பட்டது இருக்கிறப்ப சில மருந்து குடுத்தா எல்லாம் ஒரே நேரத்துல செத்து, நாய்க்கு ஷாக் வரலாம். அடுத்தது, இந்த மாத்திரை வளர்ந்த புழுவ ஒழுங்கா கொல்லாது. உள்ள புழு இருக்கிறது தெரியாம வருஷக்கணக்கா மாத்திரை குடுத்துக்கிட்டு பத்திரமா இருக்குன்னு நாம நினைச்சுக்கிட்டு இருப்போம், அந்தப் பக்கம் நுரையீரல் கெட்டுக்கிட்டே இருக்கும். அமெரிக்கால இந்த மருந்து எல்லாமே ப்ரிஸ்கிரிப்ஷன் மருந்துதான், கடைல சும்மா எடுத்துட்டு வர முடியாது.

எந்த மருந்து நல்லது? ஹார்ட்கார்டா, சிம்பாரிக்கா ட்ரையோவா, ஊசியா?

ஒழுங்கா குடுத்தா எல்லாமே நல்லதுதான், உங்க வீட்டுக்கு எது விட்டுப் போகாதோ அதுதான் உங்களுக்கு நல்லது. இது என் அபிப்ராயம்.

ஹார்ட்கார்டுல ஐவர்மெக்டின், இன்டர்செப்டர்ல மில்பிமைசின், சிம்பாரிக்கா ட்ரையோல மாக்ஸிடெக்டின், எல்லாம் ஒரே குடும்பத்து மருந்துங்க, மாசம் ஒண்ணு மெல்ல வெக்கணும். ட்ரையோல உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து சேந்திருக்கு, ஆனா உங்க நாய்க்கு வலிப்பு வந்திருந்தா அத வெட்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, அந்த உண்ணி மருந்து வகைக்கு வலிப்பு வரலாம்னு 2018-லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எச்சரிக்கை குடுத்திருக்கு. மாத்திரை முழுங்க அடம் பிடிக்கிற நாய்க்கு கழுத்துக்குப் பின்னாடி தோல்ல ஊத்தற மருந்து இருக்கு, ரெவல்யூஷன், அட்வான்டேஜ் மல்ட்டின்னு.

ஊசி ரெண்டு வகை, ப்ரோஹார்ட் 6 ஆறு மாசத்துக்கு, ப்ரோஹார்ட் 12 ஒரு வருஷத்துக்கு, இதுல இருக்கிறதும் மாக்ஸிடெக்டின்தான், தோலுக்கு அடியில கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு வரும். ப்ரோஹார்ட் 12 ஒரு வயசு முடிஞ்ச நாய்க்கு மட்டும். வருஷா வருஷம் ரெண்டு மாசம் ஊருக்குப் போறவங்க, வீட்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, போன வருஷம் ஒரு தடவையாவது மறந்தவங்க, உங்களுக்கெல்லாம் ஊசிதான் சரின்னு நான் சொல்வேன்.

எங்களோடது கோலி மிக்ஸ். ஐவர்மெக்டின் குடுத்தா செத்துடும்னு சொல்றாங்களே?

கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு, ஷெல்ட்டி இந்த வம்சத்துல எம்டிஆர்1ங்கிற ஜீன்ல கோளாறு இருக்கிற நாய்ங்க நிறைய. அந்த நாய்ங்களுக்கு மருந்து மூளைக்குள்ள போகாம தடுக்கிற அமைப்பு வேலை செய்யாது. ஆனா ஹார்ட்வார்ம் தடுப்புக்குக் குடுக்கிற அளவு ரொம்ப ரொம்பக் கம்மி, கிலோவுக்கு 6 மைக்ரோகிராம், அந்த அளவு இந்த நாய்ங்களுக்கும் பாதுகாப்பானதுன்னு பாத்துட்டாங்க. தோல்ல வர சொறிக்குக் குடுக்கிற பெரிய அளவுதான் ஆபத்து. எம்டிஆர்1 டெஸ்ட் கன்னத்து உள்பக்கம் தேச்சு அனுப்பினாலே பண்ணிக் குடுப்பாங்க, ஒரு தடவை எடுத்து வெச்சுக்கிட்டா மயக்க மருந்து குடுக்கிறப்பவும் உதவும்.

குதிரைக்குப் போடற ஐவர்மெக்டின் பேஸ்ட் ட்ராக்டர் சப்ளை கடைல சல்லிசா கிடைக்குது, அதையே கொஞ்சமா குடுத்தா என்ன?

தயவு செஞ்சு வேண்டாம். கணக்கப் பாருங்க. 20 கிலோ நாய்க்கு வேண்டியது 120 மைக்ரோகிராம். அந்த டியூப் ஒரு 1250 பவுண்டு குதிரைக்கு அளவு பண்ணினது, அதுக்குள்ள 113 மில்லிகிராம் இருக்கு. அதாவது உங்க நாய்க்கு தொள்ளாயிரம் தடவைக்கு மேல வர மருந்து ஒரு டியூப்ல. கொஞ்சம் கூடப் போனாலே பத்து மடங்கு இருபது மடங்கு ஆயிடும், பேஸ்ட்ல மருந்து எல்லா இடத்துலயும் ஒரே சீரா கலந்திருக்கும்னும் நம்ப முடியாது. நாய் தள்ளாடி, கண் தெரியாம, கோமா வரைக்கும் போகும். காசு கஷ்டம்னா வெட்கிட்ட வெளிப்படையா சொல்லுங்க, ஹார்ட்கார்டுக்கு ஜெனரிக் இருக்கு, கவுன்ட்டி கிளினிக், சலுகை விலை கேம்ப் எல்லாம் இருக்கு.

பூண்டு, வேப்பெண்ணெய், மஞ்சள்?

பூண்டு குடுக்கவே குடுக்காதீங்க, வெங்காயம் பூண்டு ரெண்டும் நாயோட ரத்தச் சிவப்பணுவ உடைக்கும். வேப்பெண்ணெய் தடவினா கொசு கொஞ்ச நேரம் கிட்ட வராம இருக்கலாம், உள்ள போன லார்வாவுக்கு அதால ஒண்ணும் ஆகாது. மஞ்சளும் அப்படித்தான். நமக்குத் தடவற டீட் கொசு மருந்த நாய்க்குத் தடவாதீங்க. பெர்மெத்ரின் இருக்கிற நாய் மருந்து கொசுவ விரட்டும், வெட் சொன்னா போடலாம், ஆனா வீட்ல பூனை இருந்தா வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம். பேக்யார்டுல பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், பேர்ட் பாத்துன்னு தண்ணி நிக்கிறத வாரம் ஒரு தடவை கொட்டுங்க. இது எல்லாமே மாத்திரையோட சேத்துதான், மாத்திரைக்குப் பதிலா இல்ல.

என்ன அறிகுறி இருந்தா சந்தேகப்படணும்?

ஆரம்பத்துல ஒண்ணுமே தெரியாது, அதுதான் கஷ்டம். அப்புறம் விடாத வறட்டு இருமல், முன்னாடி மூணு ரவுண்டு ஓடின நாய் ஒரு ரவுண்டுல உக்காந்துடும், எடை குறையும். முத்திப் போச்சுன்னா வயித்துல நீர் கோத்துக்கும். திடீர்னு படுத்துட்டு, ஈறு வெளுத்து, சிறுநீர் காபி கலர்ல போச்சுன்னா ஒரு நிமிஷம் கூட காத்திருக்காதீங்க, எமர்ஜென்சிக்கு ஓடுங்க, புழு இதயத்தையே அடைச்சுக்கிட்ட நிலை அது, கழுத்து ரத்தக் குழாய் வழியா கருவி விட்டு புழுவ வெளிய எடுக்கணும்.

பாசிட்டிவ் வந்துடுச்சு. இனிமே என்ன?

முதல்ல பயப்படாதீங்க, பெரும்பாலான நாய் பிழைச்சு நல்லா வாழுது. வேற வகை டெஸ்ட்ல ஒரு தடவை உறுதி பண்ணிக்குவாங்க, எக்ஸ்ரே எடுத்து நுரையீரல் எப்படி இருக்குன்னு பாப்பாங்க.

நேரா புழுவக் கொல்ற ஊசி போட மாட்டாங்க. முதல்ல மாசாந்திர தடுப்பு மருந்தோட டாக்ஸிசைக்ளின் 4 வாரம். பாக்டீரியா மருந்து எதுக்குன்னு கேப்பீங்க, அந்தப் புழுவுக்குள்ளயே வுல்பேக்கியான்னு ஒரு பாக்டீரியா வாழுது, புழு உயிர் வாழ அது வேணும், அத ஒழிச்சா புழு பலவீனமாயிடும், செத்துப் போறப்ப நாய்க்கு வர வீக்கமும் குறையும். வெறும் வயித்துல குடுக்காதீங்க, வாந்தி எடுக்கும். அப்புறம் ஒரு மாசம் இடைவெளி. 60-வது நாள் மெலார்சோமின் ஊசி, ஆர்சனிக் கலந்த மருந்து, இடுப்புக்கு மேல முதுகுத் தசைக்குள்ள ஆழமாப் போடுவாங்க. 90-வது நாள் ஒண்ணு, 91-வது நாள் ஒண்ணு. ஊசி போட்ட இடம் நல்லா வலிக்கும், ரெண்டு நாள் தொட விடாது. சில பேருக்கு மொத்தச் செலவு ஆயிரம் டாலரத் தாண்டிடும், முன்கூட்டியே எழுதி வாங்கிக்கோங்க.

ஊசிய விடக் கஷ்டம் நாய அடக்கி வெக்கிறதுதான். செத்த புழு கரைஞ்சு போகாம துண்டு துண்டா நுரையீரல் குழாய்ல போய் அடைக்கும், நாய் ஓடி ரத்த ஓட்டம் வேகமானா அந்த அடைப்பு உயிருக்கே ஆபத்து. பாசிட்டிவ்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து கடைசி ஊசிக்கு அப்புறம் ஆறு எட்டு வாரம் வரைக்கும் ஓட்டம், குதி, மாடிப்படி, பந்து எதுவும் கிடையாது. கயிறு கட்டி பாத்ரூம் போக மட்டும் வெளிய. எங்க வீட்ல இருந்த கருப்பு லேப் மிக்ஸ் ஒண்ணுக்கு உப்பு போடாத தயிர் சோறு காங்னு ஒரு ரப்பர் பொம்மைக்குள்ள அடைச்சு ஃப்ரீசர்ல வெச்சுக் குடுப்பேன், அத நக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும், அந்த நேரம் அது அமைதியா இருக்கும். டோர்பெல்ல நிறுத்தி வெச்சேன், வரவங்கள ஃபோன் பண்ண சொன்னேன். ரொம்பத் துள்ளற நாய்க்கு வெட் ட்ராஸடோன்னு அமைதிப்படுத்தற மருந்து குடுப்பார், கேக்கத் தயங்காதீங்க.

கடைசி ஊசிக்கு 9 மாசம் கழிச்சு ஆன்டிஜென் டெஸ்ட், அது நெகட்டிவ் வந்தா முடிஞ்சுது. தடுப்பு மருந்து நடுவுல ஒரு மாசம் கூட நிக்கக் கூடாது, ஒரு தடவை வந்த நாய்க்குத் திரும்பவும் வரலாம்.

ஊசி வேண்டாம், மாத்திரை மட்டும் குடுத்து மெதுவா கொல்லலாம்னு சொல்றாங்களே?

ஸ்லோ கில்லுனு சொல்றது. ஒரு வருஷத்துக்கு மேல இழுக்கும், அத்தன நாளும் புழு உள்ள இருந்து குழாயக் கெடுத்துக்கிட்டே இருக்கும், அத்தன நாளும் நாய அடக்கி வெக்கணும், மருந்துக்கு சாகாத புழு உருவாகவும் வழி பண்ணும். ஹார்ட்வார்ம் சொசைட்டி இத முதல் வழியா சொல்றதில்ல. ஊசி போடவே முடியாத உடம்பு நிலைன்னா மாக்ஸிடெக்டினும் டாக்ஸிசைக்ளினும் சேத்து குடுக்கிற முறை இருக்கு, அது வெட் முடிவு.

நமக்கு வருமா? பூனைக்கு?

கொசு மூலமா மனுஷனுக்கும் லார்வா போகலாம், ஆனா நம்ம உடம்புல அது வளர முடியாம செத்துடும், அபூர்வமா நுரையீரல் எக்ஸ்ரேல காசு அளவு ஒரு வட்டமாத் தெரிஞ்சு டாக்டர்களக் குழப்பும். உங்க நாய்கிட்டேர்ந்து நேரா வராது. பூனைக்கு வரும், ஒண்ணு ரெண்டு புழுவே உயிர எடுக்கும், மெலார்சோமின் பூனைக்குப் போட முடியாது, அதனால பூனைக்குத் தடுப்பு மட்டும்தான் வழி.

சென்னைலேர்ந்து எங்க நாய இங்க கூட்டிட்டு வரப் போறோம். என்ன கவனிக்கணும்?

இது முக்கியம். நம்ம ஊர் பக்கம், கேரளா, இலங்கைன்னு நாய் ரத்தத்துல மைக்ரோஃபைலேரியா இருந்தா அது நிறைய நேரம் டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ்ங்கிற வேற புழு. அது தோலுக்கு அடியிலதான் வாழும், இதயத்துக்குப் போகாது. மனுஷங்க கண்ணுலேர்ந்து புழு எடுத்தாங்கன்னு கேரளா, இலங்கைலேர்ந்து நியூஸ் வருதே, அது பெரும்பாலும் இந்த இனம்தான். இந்தியால இதயப்புழு அசாம், மிசோரம்னு வடகிழக்குப் பக்கம்தான் ஜாஸ்தி.

ரெப்பன்ஸ் அமெரிக்கால கிடையாது, அதனால இங்க இருக்கிற வெட்டுக்கு அது உடனே ஞாபகம் வராது. மைக்ரோஸ்கோப்ல பாசிட்டிவ், ஆன்டிஜென்ல நெகட்டிவ்னு வந்தா நாய் இந்தியாலேர்ந்து வந்ததுன்னு நீங்களே சொல்லுங்க, எந்தப் புழுன்னு பிசிஆர் டெஸ்ட்ல தெரிஞ்சுடும். தேவையில்லாம ஆர்சனிக் ஊசி போட வேண்டியதில்ல.

ஷெல்டர்ல ஒரு நாய் ரொம்பப் பிடிச்சிருக்கு, ஆனா ஹார்ட்வார்ம் பாசிட்டிவ்னு போர்டு போட்டிருக்கு. எடுக்கலாமா?

எடுங்க. டெக்சாஸ் ஷெல்டர்ல அந்த ஒரு போர்டுக்காகவே நல்ல நல்ல நாய்ங்க மாசக்கணக்கா கூண்டுல கிடக்குதுங்க. 2005-ல கத்ரீனா புயலுக்கு அப்புறம் லூசியானா, மிசிசிப்பிலேர்ந்து காப்பாத்தின நாய்ங்க நிறைய பேருக்கு இது இருந்துச்சு, நாடு பூரா வீடு கிடைச்சு நல்லாத்தான் வாழ்ந்துச்சுங்க. உங்க நாய்க்குத் தடுப்பு மருந்து ஒழுங்கா போயிட்டிருந்தா ரெண்டாவது நாயா கொண்டு வரலாம், பயமில்ல.

எடுக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியத கேட்டுடுங்க: வைத்தியச் செலவு ஷெல்டர் பாத்துக்குமா இல்ல நம்மளா, எந்த கிளினிக்ல போடுவாங்க, டாக்ஸிசைக்ளின் ஆரம்பிச்சாச்சா, ஆரம்பிச்சிருந்தா எந்தத் தேதி, எக்ஸ்ரே எடுத்தாங்களா. பல இடத்துல ஃபாஸ்டர் டு அடாப்ட்னு ஒரு முறை வெச்சிருக்காங்க, ஊசி முடியற வரைக்கும் நாய் உங்க வீட்ல இருக்கும், செலவு அவங்களோடது, முடிஞ்சதும் பேப்பர் உங்க பேருக்கு மாறும். அத முதல்ல கேளுங்க.